பத்துக்குக் கீழே என்றால் ஸ்டார்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ரப்பர் அக்கா என்று பேர். அந்தப் பேரை வைத்தது நான்தான், அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே வைத்துவிட்டேன். ஆளைக் காட்டிக்கொடுக்கிற எதையும் அழிப்பதுதான் அவளுக்கு வேலை. பின்னே ரப்பர் என்று சொல்லாமல் பென்சில் என்றா சொல்வார்கள்? யாரோ போய் அவளிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் நேரே என் மேசைக்கு வந்து நின்று, "ரப்பர் தேஞ்சு போகும். நான் தேய மாட்டேன். வேற பேரு யோசி" என்றாள். யோசித்தேன், கிடைக்கவில்லை. பதினான்கு வருடமாக அதே பேர்தான்.

எங்களுடையது மருத்துவக் காப்பீட்டு அலுவலகம். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் அனுப்பும் படிவங்கள் முதலில் எனக்கும் என்னைப் போல இன்னும் இரண்டு பேருக்கும் வரும். பேர், வயது, வேலை, என்ன வியாதி, எத்தனை நாள் படுக்கை என்று பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஆகையால் இந்த ஊரில் யாருக்கு மூலம், யாருக்குக் கர்ப்பப்பை எடுத்தாயிற்று, யார் தூக்க மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொண்டு பிழைத்து வந்தார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வெளியே மூச்சு விடக் கூடாது என்று சேரும் அன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நாங்கள் ஏற்றியது வருடத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும். எந்த வயதில் எந்த நோய் வருகிறது, எந்த வேலை ஆளைக் கெடுக்கிறது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரார் வியாதியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? அதற்குத்தான் நடுவில் ரப்பர் அக்கா. பேரை எடுத்துவிட்டு ஒரு குறி எண்ணைப் போட்டு நாங்கள் அவளிடம் தள்ளுவோம். பேர் அவள் கண்ணில் படவே படாது. வீட்டு எண்ணையும் தெருவையும் வட்டாரத்தையும் அவள் அழிப்பாள்; எந்த ஊரில், எந்த வேலையில் எத்தனை பேர் என்பது மட்டும் தனியாக ஒரு அட்டவணையாக அச்சாகும். பிறந்த தேதியை எடுத்துவிட்டு 'நாற்பதுகளில்' என்று போடுவாள். பிறகு தேதிகளை நகர்த்துவாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு எண்ணைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும், அவளுக்கும் காட்டாது. எண் நாற்பத்து மூன்று என்றால் அந்தக் குடும்பத்தின் எல்லாத் தேதிகளும் நாற்பத்து மூன்று நாள் தள்ளிப் போய்விடும். எந்த நாளில் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை நாள் என்பது மட்டும் மாறாது. ஆராய்ச்சிக்கு அது வேண்டுமாம்.

இவ்வளவு அழித்த பிறகும் விடமாட்டாள். என் மேசைக்கு எதிரே கால் ஆடுகிற நாற்காலி ஒன்று உண்டு. அதில் வந்து உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியின் குரலில் ஆரம்பிப்பாள். "ஏம்மா, சேதி தெரியுமா? அதான் பஸ் ஓட்டுவாரே, ஐம்பது வயசுக்காரர், சிறுநீரகத்துல கல்லுன்னு ரெண்டு தடவை போய்ப் படுத்தாரே, அவரேதான்!" அந்தக் குரலுக்கு ஆள் சிக்கிவிட்டால் அந்த வரியில் இன்னும் ஒன்றை அழிப்பாள். சிக்காவிட்டால், "போயிட்டு வாங்க சார், உங்களை யாருக்கும் தெரியல" என்று தாளுக்கு விடை கொடுப்பாள். பக்கத்து வீட்டுச் சோதனை என்று அதற்குப் பேர். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும்.

வேடிக்கையாகத்தான் செய்வாள், ஆனால் அது வேடிக்கையில் தொடங்கியதல்ல. நான் சேர்ந்து மூன்றாவது வருடம் என்று நினைவு. ஒரு நாள் காலையில் ஒரு பெண் வரவேற்பு மேசைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் மடித்த தாள். அட்டவணை தயாரிப்பவரைப் பார்க்க வேண்டும் என்றாள். அக்கா எழுந்து போனாள். அந்தப் பெண் தாளைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். ஒரு சின்ன ஊரின் பேர். பள்ளி ஆசிரியை. முப்பதுகளில். மனநல வார்டு. எண்ணிக்கை: 1.

"இந்த ஒண்ணு யாருங்க?" என்று கேட்டாள்.

அக்கா குனிந்து அந்த வரியைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல முப்பத்துச் சொச்சம் வயசுல டீச்சர் நான் ஒருத்திதான். இது எல்லாருக்கும் தெரியும். அச்சுப் போட்டு விட்டுட்டீங்களே, அதைப் படிச்சுட்டு எங்க வகுப்புல பதினாறு பிள்ளைங்களை மாத்திக்கிட்டாங்க. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்க. என் பேரைப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு சரியாக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

கத்தவில்லை, அழவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அந்த அட்டவணையைத் தயாரித்தது அக்காதான். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. நான் கூப்பிட்டதற்கு, "என் கையால ஒருத்தி வீடு போச்சுடி, எனக்குச் சோறு எங்கே இறங்கும்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் விதி வந்தது. மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, குழுவின் முன் நின்று பேசி, அவள்தான் கொண்டுவந்தாள். ஒரு வரியில் ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் எண்ணைப் போடக் கூடாது, ஸ்டார் போட வேண்டும். ஸ்டார் என்றால் இங்கே சிலர் இருக்கிறார்கள், சொல்லமாட்டோம் என்று அர்த்தம். எவ்வளவு இருந்தால் குறைவு என்று கேட்டார்கள். ஐந்துக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் குழுவில். இவள் கேட்கவில்லை. பத்து என்று பிடிவாதமாக நின்றாள். பத்துக்குக் கீழே என்றால் ஸ்டார். அந்த விதியைத் தன் கையாலேயே தட்டச்சு செய்து, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். இந்தப் பத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரு தம்பி. அவளுக்குப் பதினெட்டு வயதிலும் அவனுக்கு எட்டு வயதிலும் அப்பா அம்மா போய்விட்டார்கள். அவனை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணம் செய்து வைத்ததில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாள், அல்லது மறந்ததாகச் சொல்லிக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. மனைவியும் ஒரே பெண்ணும். கிழக்கு வட்டாரத்தில் கல் பட்டறையில் வேலை. சமையலறை மேடைக்குப் போடும் பளபளப்பான செயற்கைக் கல் இருக்கிறதே, அதை அளவாக அறுத்து ஓரம் தேய்க்கிற வேலை. அந்த வட்டாரத்தில் அந்த மாதிரிப் பட்டறை அது ஒன்றுதான்.

சாயங்காலம் சில நாள் அக்காவைக் கூட்டிப்போக அலுவலக வாசலுக்கு வருவான். புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "என்ன தம்பி, அதுக்குள்ள நரைச்சுப் போச்சு?" என்பேன். "உங்க அக்கா கூட இருந்தா யாருக்குத்தான் நரைக்காது?" என்பான். அவள் கைக்குட்டையை எடுத்து அவன் முகத்தைச் சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோலத் துடைப்பாள். நாற்பது வயது ஆம்பளை கண்ணை மூடிக்கொண்டு நிற்பான்.

ஒரு முறை அறுக்கும்போது இடது கையில் இரண்டு விரல் வெட்டுப்பட்டுத் தையல் போட்டார்கள். அதே மாதம் அவன் பெண்ணுக்குக் காதில் ஆபரேஷன். இரண்டுக்கும் அக்காதான் துணைக்கு இருந்தாள். "பதினோரு நாள் இடைவெளியில அதே ஆஸ்பத்திரி பெஞ்சுல ரெண்டு தடவைடி. அந்த பெஞ்சுல என் பேரை எழுதிடலாம்" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரத்துக்கு எனக்கு இதே பாட்டுதான்.

அதற்கு அடுத்த வருடம், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. மூச்சுக் கோளாறு எந்தெந்த வேலையில், எந்தெந்த வட்டாரத்தில் அதிகம் என்று கேட்டிருந்தார்கள். அக்கா அட்டவணை போட்டாள். ஒரு வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்குத் திரையைத் திருப்பிக் காட்டினாள். கல் பட்டறை, ஆண்கள், கிழக்கு வட்டாரம், நுரையீரலில் கல்தூசு படிந்து இறுகிப்போகும் நோய். எண்ணிக்கை: 9.

"அங்க மொத்தமே அறுபது பேர்தான்டி வேலை பார்க்கிறாங்க" என்றாள்.

அந்த ஒன்பது பேரின் படிவங்களில் சிலவாவது என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றும் நினைவில் இல்லை. நாளைக்கு எண்பது படிவம் ஏற்றுகிறவளுக்கு யார் நினைவில் நிற்பார்கள்? ஆனால் ஒன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கும் பகீர் என்றது. அந்த எண்ணை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்தால் மறுநாளே ஆள் அனுப்புவார்கள். பார்க்க முடியாது. ஒன்பது என்றால் ஸ்டார்.

மேலாளரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், இந்த ஒரு வரிக்கு மட்டும் எண்ணைக் காட்டணும்."

"நீங்க கொண்டுவந்த விதிதானேம்மா அது."

"ஆமா சார். அதனாலதான் கேட்கிறேன்."

"இன்னைக்கு ஒரு வரிக்கு விடுவோம், நாளைக்கு இன்னொண்ணுக்குக் கேட்பாங்க. அப்புறம் அந்த டீச்சரம்மா மாதிரி இன்னொருத்தர் வந்து நிப்பாங்க. நீங்களே குழுவுல சொன்னதுதான் இது."

"அந்த ஒன்பது பேர்கிட்டயும் சம்மதம் கேட்டு ஒரு கடிதமாவது போடலாமே சார்?"

அதையும் மேலாளர் குழுவிடம் எழுதிக் கேட்டார். குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். கூடி, யோசித்து, பதில் அனுப்பியது. காப்பீட்டுக்காகக் கொடுத்த விவரத்தை வைத்து நோயாளியைத் தேடிப் போவதே தவறு, ஆகையால் கடிதம் போடக் கூடாது என்று. அக்கா வேறு வழியையும் பார்த்தாள். கல் பட்டறையைக் கட்டட வேலையோடு சேர்த்தாள். எண்ணைக் காட்டலாம், ஆனால் ஒன்பது பேரும் பல்லாயிரம் பேருக்குள் காணாமல் போனார்கள். பழையபடி பிரித்து வைத்தாள். அந்த வருட அட்டவணை ஸ்டாரோடுதான் போனது.

மேலாளர் கெட்டவர் அல்ல. குழுவும் கெட்டதல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம். யாரையாவது நாலு வார்த்தை திட்டலாம் என்றால் ஆளே கிடைக்கவில்லை.

தம்பியிடம் அவள் பேசியதை நான் வாசலில் நின்று கேட்டேன்.

"அந்த வேலையை விட்டுடுடா."

"ஏன்க்கா?"

"தூசி நல்லதில்ல."

"இருபது வருஷமா தின்னுக்கிட்டிருக்கேன். இன்னைக்குப் புதுசா என்ன?"

"சொன்னா கேளு. விட்டுடு."

"நீ காரணம் சொல்லு, நாளைக்கே விடறேன். சும்மா விடு விடுன்னா? பொண்ணு படிக்கிறா, நான் வீட்ல உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கிட்டிருக்கவா?"

"காரணம் ஒண்ணும் இல்ல" என்றாள். மறுநாள் ஒரு டஜன் முகமூடி வாங்கிக் கொடுத்தாள். அவன் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான்.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. "என்னக்கா நீ! பேரையா சொல்லச் சொல்றேன்? ஒன்பது பேருக்கு வந்திருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று சண்டைக்குப் போனேன்.

"அறுபது பேர்ல ஒன்பது பேர்னா, யார் யார் இருமுறாங்கன்னு அன்னைக்கே எண்ணிடுவாங்கடி. முதலாளி காதுக்குப் போகும். ஒன்பது பேரையும் வெளியில தள்ளுவான். அவங்க வீட்ல ஒன்பது அடுப்பு எரியாது. இன்னொரு தடவை யாரும் என் முன்னால தாளைப் பிரிச்சு, இது யாருன்னு கேட்கக் கூடாது."

கல்நெஞ்சக்காரி என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த வருடம் அதே ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராகத் திரும்ப வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். குறி எண்ணை வைத்து அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த வரியைத் திறந்து பார்ப்பாள். எட்டாவது மாதமே ஒன்பது வந்துவிட்டது. அதற்கு மேல் நகரவில்லை. ஒன்பதாவது மாதம், ஒன்பது. பத்தாவது மாதம், ஒன்பது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு வந்துட்டாப் போதும்டி" என்பாள். "ஸ்டாரை எடுத்துடலாம். பட்டறையை வந்து பார்ப்பாங்க. தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்வாங்க. என் தம்பியும் தப்பிச்சுக்குவான், மத்தவங்களும் தப்பிச்சுக்குவாங்க."

"வரும்க்கா, கவலைப்படாதே. எப்படியும் வரும்" என்பேன் நான்.

நாங்கள் என்ன வேண்டிக்கொண்டிருந்தோம் என்று அப்போது உறைக்கவில்லை. இன்னும் ஒருத்தனுக்கு மூச்சு அடைக்க வேண்டும் என்று இரண்டு பொம்பளைகள் காத்துக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கடைசி மாதம், ஒரு திங்கட்கிழமை. அடுக்கிலிருந்து பதினேழாவதோ பதினெட்டாவதோ படிவத்தை எடுத்தேன். கல் பட்டறை என்று இருந்தது. நோயும் அதேதான். 'அப்பாடா, பத்து' என்று மனசுக்குள் சொன்னது எனக்கே கேட்டது. பன்னிரண்டு நாள் படுக்கை. பிறகுதான் பேரைப் பார்த்தேன். வீட்டு விலாசம் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

அக்கா பக்கத்து மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். "இந்தத் தம்பிப் பயலைப் பாரேன்" என்றாள் என்னிடம். "மேடை பொருத்தற வேலைன்னு வெளியூர் போய் ரெண்டு வாரம். போன வாரமே வந்துட்டானாம், இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. பொண்டாட்டி கைச் சோறு கண்டதும் அக்கா கசக்குது போல."

படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன். சொல்லியிருக்கலாம். அலுவலகம் எழுதி வாங்கிய காகிதம் என்ன பெரிய காகிதம்? ஆனால் அந்தக் காகிதத்தைவிட அவளுக்குத்தான் நான் பயந்தேன். ஒரு முறை கடைநிலை ஊழியர் ஒருவரின் மைத்துனர் படிவம் வந்ததை அவரிடமே உளறியதற்கு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவள் அவள். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே தம்பி வெளியூர் என்று பொய் சொல்லியிருக்கிறான்? அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதுதானே என் வேலை? இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பேரை எடுத்தேன், குறி எண்ணைப் போட்டேன், தள்ளிவிட்டேன். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொன்ன வாய் திங்கள் முதல் வெள்ளி வரை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அந்த வரியைத் திறந்தாள்.

"அடியே! வந்துடுச்சுடி! பத்து!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் டீ சொன்னாள். மேலாளர் அறைக்கதவைத் தட்டி, "சார், பத்து வந்துடுச்சு, இனிமே ஸ்டார் வேண்டாம்" என்றாள். அவரும் சந்தோஷப்பட்டார். அத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"புதுசா வந்தவரை ஒரு தடவை சோதிச்சுட்டு ஸ்டாரை எடுத்துடறேன்" என்று அவனுடைய விவரத்தை ஒரு தாளில் எடுத்துக்கொண்டு, ஆடுகிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கையை வைத்தாள்.

"அக்கா, இது வேண்டாம்க்கா. எண்ணிக்கை மட்டும்தானே போகுது" என்றேன்.

"வழக்கத்தை விடலாமா?" என்றாள். குரலை மாற்றிக்கொண்டாள். "ஏம்மா, சேதி தெரியுமா? கல் பட்டறைக்காரர், நாப்பது வயசு, மூச்சு வாங்குதாமே பாவம். அவரேதாம்மா, முன்னாடி கையில வெட்டுப்பட்டு ரெண்டு விரல்ல தையல் போட்டாங்களே..."

கல் பட்டறையில் விரல் வெட்டுப்படாதவன் யார்? தப்பித்தோம் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது.

"அவர் பொண்ணுக்குக்கூடக் காதுல ஆபரேஷன்..."

இன்னும் பக்கத்து வீட்டுக்காரியின் குரல்தான். ஆனால் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். விரலுக்கு ஒரு தேதி, காதுக்கு ஒரு தேதி. இரண்டும் நகர்த்திய தேதிகள், இரண்டும் பொய். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவள் தேதிகளைப் பார்க்கவில்லை. முதல் தேதியிலிருந்து அடுத்த தேதி வரை, கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

"பதினொண்ணு" என்றாள்.

டீ வந்தது. கடைக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆள் தெரியாதுடி" என்றாள், இப்போது தன் சொந்தக் குரலில். "நீ பேரைப் பார்த்திருப்பியே."

"பார்த்தேன்க்கா."

"எப்போ?"

"திங்கட்கிழமை."

"அஞ்சு நாளா என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே."

"சொல்லக் கூடாதேக்கா..."

"ஆமா. சொல்லக் கூடாது." தாளை நான்காக மடித்தாள். "நீ செஞ்சது சரிதான்."

அவள் என்னை அறைந்திருந்தால் தேவலை.

எழுந்து தன் மேசைக்குப் போனாள். "ஒண்ணு வரணும், ஒண்ணு வரணும்னு வாய் ஓயாம வேண்டினேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவரில் அந்த விதி ஒட்டியிருந்தது. பிறகு அந்த வரியில் ஸ்டாரை அழித்தாள். 10 என்று அடித்தாள். சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்பினாள். அதற்கு அப்புறம்தான் பையை எடுத்தாள்.

நானும் கூடப் போனேன். தம்பி வீட்டில் கட்டிலில் மூன்று தலையணையைச் சாய்த்து வைத்து, அதில் உட்கார்ந்தபடியே கிடந்தான். மூக்கில் குழாய், கட்டில் காலடியில் ஆக்சிஜன் சிலிண்டர். புருவம் கருப்பாக இருந்தது. தூசி இல்லாமல் அவன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் மனைவி அக்காவைப் பார்த்ததும், "நான் சொல்லலாம்னுதான் சொன்னேன் அண்ணி, இவருதான் சத்தியம் வாங்கிட்டாரு" என்று அழ ஆரம்பித்தாள்.

"உனக்கு யாருக்கா சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லல."

"வெளியூர்னு சொன்னதுல கோபமா? நீ விடச் சொன்ன வேலை... அதுலயே விழுந்தேன்னு வந்து நிக்க... ஒரு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே விட்டிருக்கலாமேடா."

இரண்டு மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ காரணம் சொல்லலையேக்கா" என்றான். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சும்மா, நடந்ததை நினைவுபடுத்துவதுபோலச் சொன்னான். அவள் கைக்குட்டையை எடுத்து, தூசியே இல்லாத அந்த முகத்தைத் துடைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த வருடம் இரண்டாவது மாதம் அவன் போய்விட்டான். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், வீட்டிலேயே முடிந்தது. அதற்கு ஐந்து மாதம் கழித்துப் பட்டறைக்கு அதிகாரிகள் வந்தார்கள். அட்டவணையில் பத்து என்று பார்த்துத்தான் வந்தார்கள். இப்போது அங்கே தண்ணீர் ஊற்றித்தான் கல் அறுக்கிறார்கள், தூசியை உறிஞ்சும் குழாய் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தாயிற்று. இருமுகிறவன் என்று யாரையும் வெளியே தள்ளவில்லை. புதிதாக யாருக்கும் வரவில்லை. நல்லதுதான். நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள், அக்காவும் சொன்னாள்.

வருடக் கடைசியில் மறுபடியும் அட்டவணை. பழைய ஆட்கள் அந்த வருடமும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டில் இறந்தவனுக்குப் படிவம் வராது. எண்ணிக்கை ஒன்பது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் அந்த வரிக்கு வந்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள், ஸ்டார் போட்டாள், அடுத்த வரிக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. சின்ன வயதுப் பெண் குரல், எனக்கும் கேட்டது.

"மேடம், கிழக்கு வட்டாரம் கல் பட்டறை வரி. போன வருஷம் பத்துன்னு குடுத்திருந்தீங்க. இந்த வருஷம் ஸ்டார் இருக்கு. அப்படின்னா குறைஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? யாருக்காவது குணமாயிடுச்சா மேடம்?"

அக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க" என்றாள்.